புதுச்சேரிப் பாண்டங்களின் ஆசிய மரபு: சில நினைவுகள்

புதுச்சேரி நகரின் நேரு வீதியிலும் கடற்கரையை ஒட்டிய பழைய பிரெஞ்சுப் பகுதியிலும் உள்ள கடைகளில் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும் கனத்த கோப்பைகளையும் தேநீர்க் கெண்டிகளையும் ஆழமான கிண்ணங்களையும் வெளியூர்ப் பயணிகள் 'பாண்டிச்சேரி பாட்டரி' என்ற பொதுப்பெயரால் கேட்டு வாங்குகின்றனர். வளைவு வாசல்களையும் மஞ்சள் சுவர்களையும் பார்த்துவிட்டு அக்கடைகளுக்குள் நுழைவதால், இப்பாண்டங்களும் பிரெஞ்சு ஆட்சி விட்டுச் சென்ற சொத்து என்றே அவர்களுள் பலர் எண்ணிக்கொள்கின்றனர். வரலாறு இந்த எண்ணத்திற்கு இடம் தரவில்லை. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு மாறி, 1962 ஆகஸ்ட் 16 அன்று அந்த மாற்றம் சட்டப்படி உறுதியாகி, அதற்கும் ஒன்பது ஆண்டுகள் கழிந்த பின்னர் 1971இல் இந்நகரில் வேர்கொண்ட கலை இது. அதன் நுட்பம் ஜப்பானில் கற்றுக் கொண்டுவரப்பட்டது. அந்த நுட்பத்தைக் கைவசப்படுத்தி நிலைநிறுத்தியவர்கள் சுற்றுவட்டாரத்துத் தமிழர்கள்.

இக்கலையை விளங்கிக்கொள்ள முதலில் வெப்பத்தைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். ஏரிக்கரைக் களிமண்ணைக் கொண்டு ஊர்க் குயவர் வனையும் பானையும் சட்டியும் ஏறத்தாழ 800 முதல் 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வெந்து சிவக்கின்றன. இவையே சுடுமண் பாண்டங்கள். அவற்றின் உடலில் நுண்துளைகள் எஞ்சியிருப்பதால் நீர் கசிந்து ஆவியாகிறது, பானைத் தண்ணீர் குளிர்ச்சி பெறுவதும் அதனால்தான். அதே மண்ணை 1,200 டிகிரிக்கு மேல் கொண்டுசென்றால் அது உப்பிக் குழைந்து சரிந்துவிடும். மாறாக, வெள்ளைக் களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் முதலியவற்றை அளவறிந்து கலந்து அமைத்த மண் 1,280 முதல் 1,300 டிகிரி வரை தாங்கி நின்று, உட்துகள்கள் உருகி ஒன்றோடொன்று பிணைந்து, கல்லைப் போல் இறுகிவிடுகிறது. இத்தகைய பாண்டமே ஸ்டோன்வேர் எனப்படுகிறது. அதன் மேல் கண்ணாடிப் படலமாகப் படியும் பூச்சுக்குப் பட்டறைகளில் வழங்கும் பெயர் கிளேஸ். தமிழ்ச் சமையலறைக்கு இந்த வகைப் பாண்டம் முற்றிலும் புதியதன்று. மேற்பாதி பழுப்பும் கீழ்ப்பாதி வெண்மையுமாக அடுக்களை மூலையில் நின்ற ஊறுகாய் ஜாடி இதே இனத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அந்த ஜாடி ஆலைப் பொருள். கையால் வனைந்து, விறகுச் சூளையில் சுட்டு, ஒன்றைப் போல் மற்றொன்று அமையாத ஸ்டோன்வேர் தமிழ்நிலத்தில் பெருகியது புதுச்சேரியிலிருந்துதான்.

ஜப்பானின் பங்கைக் கூறுமிடத்து 'மிங்கெய்' என்னும் இயக்கத்தைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. அன்றாடம் புழங்கும் பாண்டம், துணி, கூடை போன்றவற்றில், பெயரறியாத கைவினைஞர் செய்த பொருள்களிலேயே உயர்ந்த அழகு உறைகிறது என்னும் கொள்கையுடன் 1920களின் நடுவில் சோயெட்சு யானகி, ஷோஜி ஹமாதா, கன்ஜிரோ கவாய் ஆகியோர் தொடங்கிய இயக்கம் அது. அதன் அருங்காட்சியகம் 1936இல் தோக்கியோவில் திறக்கப்பட்டது. ஹமாதாவின் நண்பரான ஆங்கிலேயர் பெர்னார்ட் லீச் 1920இல் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் ஊரில் தம் பட்டறையை அமைத்து, கிழக்கின் பாண்ட முறைகளை மேற்குக்குக் கொண்டுசென்றார். இந்த வட்டத்தோடு இந்தியாவுக்கும் தொடக்கத்திலேயே ஒரு தொடர்பு வாய்த்தது. 1919இல் ஜப்பானுக்குப் பயிலச் சென்ற குர்சரண் சிங் அங்கே லீச், ஹமாதா, யானகி ஆகியோருடன் பழகி, நாடு திரும்பி, 1952இல் தில்லியில் தம் பட்டறையை நிறுவினார். வடக்கில் அவர் ஒருவர் ஏற்றிய சுடர் அது. தெற்கில் அதற்கு நிகரான முயற்சி தோன்ற மேலும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

எனினும் ஜப்பானியக் கைவேலையின் ஒழுங்கு புதுச்சேரிக்கு மண்ணின் வழியாக வருவதற்கு முன்பே மரத்தின் வழியாக வந்திருந்தது என்பதை நகரத்தார் பலர் மறந்துவிட்டனர். ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னை எனப் போற்றப்படும் மீரா அல்ஃபாசா 1916 முதல் 1920 வரை ஜப்பானில் வாழ்ந்தவர். ஆசிரமத்து அன்பர்கள் தங்குவதற்கென 1937இல் பணி தொடங்கப்பெற்ற கோல்கொண்ட் இல்லத்தை வடிவமைத்த அந்தோனின் ரேமண்ட், தோக்கியோவில் பல்லாண்டு தொழில் நடத்திய செக் நாட்டுக் கட்டடக் கலைஞர். அவருடைய தோக்கியோ அலுவலகத்திலிருந்து களப்பணிக்காக வந்தவர்களுள் ஒருவர் ஜப்பானிய வழிவந்த அமெரிக்கரான ஜார்ஜ் நகாஷிமா. ஹைதராபாத் நிஜாமின் அரசிலிருந்து சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் கிடைத்த 1 லட்ச ரூபாய் நன்கொடையின் நினைவாக அக்கட்டடம் கோல்கொண்டா என்னும் பெயரைப் பிரெஞ்சு ஒலிப்பில் பெற்றது. இந்தியாவின் தொடக்ககால நவீனக் காங்கிரீட் கட்டடங்களுள் ஒன்றாக இன்று அது மதிக்கப்படுகிறது. வெப்பத்தைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடும் திருப்பு பலகைகள் சுவருக்குப் பதிலாக அதன் இருபுறமும் நிற்கின்றன; அறைகளுக்கு நகர்த்துக் கதவுகள்; சுவர்களில் சிப்பிச் சுண்ணாம்புப் பூச்சு. அன்பர்கள் கொடுத்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கிக் கீல்களும் கைப்பிடிகளும் ஆசிரமத்திலேயே வார்க்கப்பட்டன.

அந்த இல்லத்திற்கான தேக்கு மரத் தளவாடங்களை வடிவமைத்தவர் நகாஷிமாவே. அன்னை அவருக்குச் சுந்தரானந்தா என்னும் பெயரை இட்டார். 1939இல் புதுச்சேரியை விட்டுச் சென்ற அவர், பின்னர் உலகப் போரின்போது அமெரிக்க அரசு ஜப்பானிய வழியினரை அடைத்துவைத்த முகாமில் மூத்த தச்சர் ஒருவரிடம் மர இணைப்பு முறைகளைக் கற்றார். ரேமண்டின் உதவியால் வெளியேறி, பென்சில்வேனியாவின் நியூ ஹோப் ஊரில் தம் பட்டறையை அமைத்தார். உலகம் முழுவதும் பெயர்பெற்ற அந்த வீட்டுத் தளவாட நிறுவனம் இன்றும் இயங்குகிறது. அதன் தொடக்க வரைபடங்கள் பிரெஞ்சு இந்தியாவின் ஒரு தெருவில் உருவாயின என்பது புதுச்சேரியார் பெருமையோடு சொல்லிக்கொள்ளத் தக்க செய்தி; ஆனால் பள்ளிப் பாடத்தில் அதற்கு ஒரு வரி இடமும் இல்லை.

இத்தகைய மண்ணில்தான் 1971இல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி தொடங்கப்பட்டது. அதை நிறுவிய தெபோரா ஸ்மித், ரே மீக்கர் ஆகிய இருவரும் கலிஃபோர்னியாவில் சூசன் பீட்டர்சன் என்னும் ஆசிரியரிடம் பாண்டக்கலை பயின்றவர்கள். ஜப்பானிய மொழி அறிந்த தெபோரா ஸ்மித், ஹமாதாவைப் பற்றி நூல் எழுதச் சென்ற பீட்டர்சனுக்கு மொழிபெயர்ப்பாளராக உடனிருந்து, ஜப்பானின் பழம்பெரும் பாண்ட ஊர்களுள் ஒன்றாகிய பிஜெனில் பயிற்சியும் பெற்றவர். பிஜென் பாண்டத்தில் கிளேஸ் பூசுவதில்லை. பல நாள் எரியும் விறகுச் சூளையில் தீயும் சாம்பலும் பட்ட இடத்தில் பட்டபடி இடும் தடமே அதன் அழகு. கட்டடக்கலையிலும் பயிற்சி பெற்றிருந்த ரே மீக்கர் சூளை அமைக்கும் பணியைத் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்டார். கடற்கரை மணலில் செழித்து வளரும் சவுக்கு மரம் சூளைக்கு எரிபொருளாயிற்று. தெபோரா ஸ்மித் உள்ளூர்த் தமிழர்களுக்கு வனைதலையும் தூரிகை வேலையையும் கற்பித்து, வீட்டுப் புழக்கத்திற்கான பாண்டங்களை நாள்தோறும் உருவாக்கும் பட்டறையாக அதை நடத்திவர, ரே மீக்கர் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் வந்த மாணவர்களுக்குப் பயிற்சியளித்தார். இன்று இந்தியப் பாண்டக் கலைஞர்களுள் முன்னணியில் இருப்போர் பலர் அவரிடம் பயின்றவர்களே.

அப்பட்டறையின் ஒரே வாயிலிலிருந்து இருவகை மரபுகள் புறப்பட்டன எனலாம். ஒன்று, பயிற்சிக்கு வந்து சென்று கண்காட்சிகளில் பெயரோடு அறியப்படும் கலைஞர்களின் மரபு. மற்றொன்று, அங்கும் அதைப் பின்பற்றி எழுந்த பட்டறைகளிலும் கூலிக்கு வேலை கற்று, பின்னர் தாமே சிறு சூளை கட்டித் தொழில் நடத்தும் உள்ளூர்க் கைவினைஞரின் மரபு. முதலாவதைப் பற்றிக் கட்டுரைகளும் படங்களும் உண்டு. இரண்டாவதைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு; இக்கட்டுரையாளரின் நினைவுகள் பெரும்பாலும் அந்த இரண்டாவது மரபைச் சார்ந்தவை.

பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதியில் வாழ்ந்த நடுத்தரக் குடும்பங்களில் 1970களும் 1980களும் எவர்சில்வரின் காலம். வெண்கலப் பானையும் ஈயச் சொம்பும் பரணேறின. மண்சட்டி மீன்குழம்புக்கு மட்டும் மிஞ்சியது. அத்தகைய வீடொன்றுக்கு இக்கட்டுரையாளர் வாங்கிச் சென்ற சாம்பற்பச்சை நிறக் கோப்பை பெற்ற வரவேற்பு நினைவில் நிற்கிறது. "இதுல காபிய எப்படி ஆத்துறது? டவரா இல்லாம எப்படிக் குடிக்கிறது?" என்று கேட்ட அவ்வீட்டுத் தாயார், அதைத் திருப்பி அடியைப் பார்த்து, கிளேஸ் படாத இடத்தை விரலால் தேய்த்து, "அடியில பூசாம விட்டுட்டாங்களே" என்றும் குறைப்பட்டார். அவர் கேட்ட கேள்வி நியாயமானதே. எச்சில் படாமல் அண்ணாந்து குடிக்கும் வழக்கமும், டம்ளரிலிருந்து டவராவுக்கு மாற்றி ஆற்றும் வழக்கமும் உள்ள வீட்டில் கைப்பிடியுள்ள கனத்த கோப்பைக்கு வேலை இல்லை. சில நாள்களில் அது அடுப்பருகே உப்புப் பாத்திரமாயிற்று. நீரும் உப்பும் அரிக்காத அதன் தன்மையை அறிந்துகொண்ட பின்னர், புளிக்கும் தயிருக்கும் அதே வகைக் கிண்ணங்களை அவரே கேட்டு வாங்கினார். யானகி வலியுறுத்திய புழக்கத்தின் அழகு என்பது அந்த அடுக்களையில் மெய்யாயிற்று என்று சொல்வதில் மிகையில்லை. ஆனால் நகரத் தமிழ் வீடுகளில் அவ்வாறு நிலைபெற்ற பாண்டங்கள் சிலவே; பெரும்பாலானவை விடுதிகளுக்கும் தில்லி, மும்பை வீடுகளுக்கும் ஆரோவில் விருந்தினருக்குமே சென்றன.

நகருக்கு வெளியே முந்திரித் தோப்பை ஒட்டி, ஓலைக் கூரையின் கீழ் இயங்கிய சிறு பட்டறையொன்றில் இக்கட்டுரையாளர் கண்டவை இவ்வரலாற்றின் உட்பொருளைப் பிற எதனையும்விடத் தெளிவாக உணர்த்தின. அதை நடத்தியவர் விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். குயவர் குடியினர் அல்லர். இளவயதில் பட்டறையொன்றில் மண் சுமக்கச் சேர்ந்து தொழில் கற்றவர். ஊர்க் குயவர் மண்ணைத் தரையில் பரப்பிக் காலால் மிதித்துப் பதப்படுத்துவர். இவரோ பலகையின் மேல் மண்ணை இரு கைகளாலும் அழுத்தித் திருப்பி, அழுத்தித் திருப்பி, இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விரியும் செவ்வந்திப் பூவின் தோற்றம் வரும்வரை பிசைந்தார். ஜப்பானியர் இம்முறையைச் செவ்வந்திப் பிசைவு என்றே வழங்குகின்றனர். மண்ணுக்குள் சிக்கிய காற்றுக்குமிழ்களை வெளியேற்றுவது அதன் நோக்கம், ஏனெனில் குமிழ் எஞ்சினால் சக்கரத்தில் மண் சீராக எழாது. பெயரைச் சொன்னபோது அவர் அதைக் கேள்விப்பட்டதில்லை என்றார். "எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது இப்படித்தாங்க" என்பதே அவருடைய விளக்கம்.

அதன்பின் பெரிய மண்கட்டியைக் காலால் உதைத்துச் சுழற்றும் சக்கரத்தின் நடுவில் நிறுத்தி, அதன் உச்சியை மட்டும் திறந்து கோப்பை வனைந்து, நூலால் அறுத்தெடுத்து, எஞ்சிய மண்ணின் உச்சியில் அடுத்ததை வனைந்தார். இது ஜப்பானியக் கிண்ணம் வனைவோரின் முறை. அதே முறையில்தான் தமிழ்நாட்டுக் குயவர், தரையோடு தாழ்ந்த கனத்த திகிரியைக் கோலால் சுழற்றிவிட்டு, ஒரே மண்குவியலிலிருந்து அகல்களையும் மடக்குகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அறுத்தெடுக்கின்றனர். ஆயிரக்கணக்கான கல் தொலைவில் வாழ்ந்த இரு சமூகங்களின் கைகள் ஒரே அசைவில் சந்திப்பதை ஓலைக் கூரையின் கீழ் காண முடிந்தது. வேறுபாடு அடிப்பாகத்தில் தொடங்குகிறது. ஊர்ப் பானைக்கு அடியைத் திறந்தே வனைந்து, பின்னர் உள்ளே கல்லையும் வெளியே தட்டுப்பலகையையும் வைத்துத் தட்டி உருண்டையாக மூடுவர். அது உமியின் மேலும் பிரிமணையின் மேலும் அமரும் பாண்டம். மேசையில் நிற்க வேண்டிய ஸ்டோன்வேர் கோப்பையையோ மறுநாள் பாதி உலர்ந்த நிலையில் சக்கரத்தில் கவிழ்த்து, கம்பி வளையத்தால் அடியைச் செதுக்கிக் கால்வளையம் எடுப்பர். கிளேஸ் உருகிச் சூளைப் பலகையோடு ஒட்டிக்கொள்ளாதிருக்க அவ்வளையத்தைப் பூச்சின்றி விடுகின்றனர். தாயார் கண்ட குறையின் காரணம் இதுவே.

சூளை எரியும் நாளில் பட்டறை முழுவதும் அதன் ஏவலுக்கு உட்பட்டிருந்தது. பிளந்து உலர்த்திய சவுக்கு விறகைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை எறிந்துகொண்டே இருக்க வேண்டும். விறகை மிகுத்துக் காற்றைக் குறைத்தால் தீயானது தனக்கு வேண்டிய பிராணவாயுவைப் பாண்டத்தின் பூச்சிலிருந்தே இழுத்துக்கொள்ளும். அவ்வாறு இழக்கும்போது பூச்சில் கலந்த இரும்புத் தாது சிறிதளவாயின் சாம்பற்பச்சையாகவும் மிகுதியாயின் கருமையாகவும் மாறுகிறது. உட்புற வெப்பத்தை அறியச் சூளைத் துளைக்கு நேரே விரல்நீளக் கூம்பொன்றை நிறுத்தியிருந்தனர். குறித்த வெப்பம் எட்டியதும் அது தலைவணங்கி வளையும். அவ்வேளையில் மட்டும் யாரும் பேசவில்லை. சூளையைத் திறந்தபோது, பலகைக்குப் பலகை நிறம் மாறி நின்ற பாண்டங்களுள் விரிசல் விட்டவற்றை அவர் தனியே ஒதுக்கிவைத்தார். நட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் அடுத்த சூளைக்கான விறகுக் கணக்கைப் பேசத் தொடங்கினார்.

கிழக்கு நாடுகளோடு பாண்டத்தின் வழி வாய்த்த இவ்வுறவு புதுச்சேரிக்கு முற்றிலும் புதிய நிகழ்வு என்று கொள்ளவும் இயலாது. நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தொலைவில் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டை 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, இத்தாலியச் செந்நிறப் பாண்டங்களும் மதுச்சாடிகளும் கிடைத்தமையால் உலகின் கவனம் மேற்குத் திசையிலேயே நிலைத்துவிட்டது. ஆனால் அங்கே கிடைத்த ரௌலெட்டட் பாண்டம், அதாவது உட்புறத்தில் சிறு பற்களின் வரிசை போன்ற வட்டக் கோலம் இடப்பட்ட மெல்லிய தட்டு, இந்தோனேசியாவின் பாலித் தீவிலும் கிடைத்துள்ளது. இக்கடற்கரை தென்கிழக்காசியாவின் திசையோடும் பாண்டங்களை மாற்றிக்கொண்டது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. நகருக்கு மேற்கே வில்லியனூர் வட்டாரத்துச் சுடுமண் கலையோ இன்றும் உயிரோடு இருக்கிறது. புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. அக்கலைக்காக வி.கே.முனுசாமி 2020இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். சுடுமண் கலைஞர் ஒருவர் தம் பெயராலேயே மதிக்கப்பட்டார் என்பது இங்கே கருதத்தக்கது.

ஏனெனில் பாண்டிச்சேரி பாட்டரி என்னும் பெயரால் விற்கும் கோப்பைகளில் பெரும்பாலானவற்றின் அடியில் பட்டறையின் முத்திரை இருக்கும். வனைந்தவர் பெயர் இராது. பெயரறியாக் கைவினைஞரின் அடக்கத்தை யானகி போற்றினார். அது உயர்ந்த கொள்கையே. எனினும் அக்கொள்கையை முன்வைத்த யானகியின் பெயரும் ஹமாதாவின் பெயரும் நூல்களில் நிலைத்துவிட்டன. 1955இல் ஜப்பான் அரசு ஹமாதாவை வாழும் தேசியச் செல்வமாக அறிவித்துப் போற்றியது. பெயரின்மை என்பது தாமே விரும்பி ஏற்கும்போது தவம். பிறர் கேளாததால் நேரும்போது இழப்பு. புதுச்சேரியில் நேர்ந்திருப்பது இரண்டாவது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. ஜப்பானியர் செவ்வந்தி என்றழைக்கும் பிசைவை அப்பெயர் அறியாமலே அரை நூற்றாண்டாகக் கையில் காத்துவரும் தமிழர்கள், இம்மரபின் வாரிசுகளாக எந்த ஆவணத்திலும் இன்னும் முறையாகப் பதிவு பெறவில்லை.

1971இல் இருபது வயது இளைஞராக இத்தொழிலுக்கு வந்தவர் இன்று எழுபதைக் கடந்தவராக இருப்பார். 1955 முதல் இந்நகரில் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் அரசு அருங்காட்சியகமும் வாய்மொழி வரலாற்றைத் திரட்டும் வசதி படைத்தவை. அவை இம்முதல் தலைமுறையினரின் பெயர், ஊர், கற்ற விதம், கலந்த மண்ணின் அளவு, கட்டிய சூளையின் அமைப்பு ஆகியவற்றை அவர்கள் வாய்மொழியாகவே பதிந்துவைக்க வேண்டும். அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு ஓடுகளின் அருகே அவர்கள் வனைந்த பாண்டங்களைப் பெயரிட்டு வைக்க வேண்டும். பட்டறை உரிமையாளர்கள் தம் முத்திரையோடு வனைந்தவரின் முதலெழுத்தையும் கால்வளையத்தின் உள்ளே பொறிக்கலாம். அதற்குச் செலவு எதுவும் இல்லை. வாங்குவோரும் விலையைக் கேட்கும்போதே வனைந்தவர் யார் என்பதையும் கடைக்காரரிடம் கேட்க வேண்டும்.